ஒரே ரயிலில் வந்தவர்கள்: மாட்டுங்கா, தாராவி, செம்பூர்

நம் வீட்டுக் கல்யாணங்களில் முதல் பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்காரும்போது, முன்பின் தெரியாத இரண்டு பெரியவர்கள் எப்படிப் பேசத் தொடங்குவார்கள் என்பது நமக்குத் தெரியும். "எந்த ஊர்?" என்பார் ஒருவர். "பூர்வீகம் பாலக்காடு பக்கம். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் பம்பாய்" என்பார் மற்றவர். "பம்பாயில் எங்கே?" "மாட்டுங்கா." அவ்வளவுதான். "அப்படியானால் உங்களுக்கு இன்னாரைத் தெரிந்திருக்குமே!" என்று அடுத்த அரை மணி நேரத்துக்குப் பேச்சு ஓடும். சென்னைக்கு மயிலாப்பூர், பெங்களூருக்கு மல்லேஸ்வரம், தில்லிக்குக் கரோல் பாக் என்பதுபோல, மும்பையில் மாட்டுங்கா என்ற பெயரே நம்மவர்களுக்குப் பாதி அறிமுகம்.

அந்த மாட்டுங்காவில் அடியேன் பிறந்து வளர்ந்த கட்டடம் இப்போது இல்லை. தரைத்தளமும் அதன்மேல் மூன்று மாடிகளுமாக இருந்த அதைச் சில வருஷங்களுக்கு முன் இடித்து, அந்த இடத்தில் இருபது மாடிக்கு மேல் எழுப்பிவிட்டார்கள். இடிப்பதற்கு முன், என் தகப்பனாரின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய காகிதங்களைத் தேடினோம். 1940-களிலிருந்து மாதாமாதம் வாங்கி, கம்பியில் குத்தி வைத்திருந்த வாடகை ரசீதுகள் கிடைத்தன. புதிய கட்டடத்தில் எங்களுக்கு வீடு கிடைத்தது அந்த ரசீதுகளால்தான்.

எதிர் வீட்டு மாமிக்கு அப்படி நடக்கவில்லை. அவர் அந்த வீட்டுக்கு மாட்டுப்பெண்ணாக வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ரசீதோ, என்றோ காலமாகிவிட்ட அவருடைய மாமனாரின் மூத்த பிள்ளை பெயரில் இருந்தது. "குடும்பத்துக்குள்தானே" என்று யாரும் அதை மாற்ற நினைக்கவில்லை. மூத்தவரின் வாரிசுகள் வெளிநாட்டிலிருந்து உரிமை கேட்டார்கள். நான்கு வருஷம் அலைந்தபின், ஒரு தொகையை வாங்கிக்கொண்டு மாமி தன் பிள்ளையோடு டோம்பிவிலிக்குப் போய்விட்டார். போகும்போது வாசல் துளசி மாடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து இந்தப் பேட்டையின் சரித்திரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாராவியைப் பற்றியும், இங்கிருந்து பல குடும்பங்கள் போய்ச் சேர்ந்த செம்பூரைப் பற்றியும் படித்தேன். மூன்று இடங்களிலும், யார் தங்கலாம், யார் போக வேண்டும் என்பதை ஏதோ ஒரு காகிதம்தான் தீர்மானித்து வந்திருக்கிறது. நான் தெரிந்துகொண்டதை நம் உறுப்பினர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

பிளேக் உண்டாக்கிய பேட்டை

மாட்டுங்கா பிறந்ததற்குக் காரணம் ஒரு கொள்ளை நோய். 1896 செப்டம்பரில் பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் பிளேக் இருப்பதை டாக்டர் அகாசியோ வியேகாஸ் கண்டறிந்தார். காற்றும் வெளிச்சமும் இல்லாத நெருக்கடியான சால்களில் நோய் தீயாய்ப் பரவியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். லட்சக்கணக்கானோர் ஊரை விட்டு ஓடினர். நகரத்தைத் திருத்தி அமைக்காவிட்டால் வியாபாரமே படுத்துவிடும் என்று அஞ்சிய அரசு, 1898-இல் சட்டம் இயற்றி பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்டை ஏற்படுத்தியது.

டிரஸ்ட் இரண்டு வேலைகளைச் செய்தது. பழைய நகரத்துக்குள் நெருக்கமான வீடுகளை இடித்து அகலமான சாலைகளைப் போட்டது. முகம்மது அலி சாலை, பிரின்சஸ் தெரு, ஸாண்ட்ஹர்ஸ்ட் சாலை எல்லாம் இந்த ஏற்பாட்டின் விளைவு. நகரத்துக்கு வடக்கே வயலும் தோப்பும் சதுப்புமாகக் கிடந்த தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் நிலத்தைக் கையகப்படுத்திப் புதிய பேட்டைகளை அமைக்கத் திட்டம் போட்டது. 1899–1900-இல் உருவான அத்திட்டப்படி தாதர்–மாட்டுங்கா பகுதியில் 60,000 பேரும், சயான்–மாட்டுங்கா பகுதியில் அதே அளவு மக்களும் குடியேற வேண்டும். பம்பாயில் திட்டமிட்டு அமைத்த முதல் புறநகர் இதுதான்.

இன்று நாம் ரசிக்கும் வட்டமான கிங்ஸ் சர்க்கிள் தோட்டம், ஐந்து தோட்டங்கள், மரங்கள் கவிந்த அகன்ற தெருக்கள் எல்லாம் அந்த வரைபடத்திலிருந்து வந்தவை. பாவு தாஜி, தெலங், பண்டார்கர், சந்தாவர்க்கர் என்று தெருக்களுக்கு இட்ட பெயர்களெல்லாம் மேற்கிந்தியாவின் அறிஞர்களும் சீர்திருத்தவாதிகளுமான பெரியோர்களுடையவை. டிரஸ்ட் மனைகளை நீண்டகாலக் குத்தகைக்கு விட்டது. கட்டடங்களுக்கு நடுவே இடைவெளி, உயரத்துக்கு வரம்பு என்று நிபந்தனைகள் போட்டது. இந்த டிரஸ்டே 1933-இல் மாநகராட்சியோடு இணைந்துவிட்டது.

பிளேகுக்குப் பயந்து இடித்த வீடுகளில் இருந்த ஏழைத் தொழிலாளிகளுக்காக மாட்டுங்கா எழவில்லை. மாதச் சம்பளமும் வாடகை கொடுக்கும் சக்தியும் உள்ள மத்தியதர வகுப்பாருக்காக அது எழுந்தது. பம்பாயின் முதல் பெரிய சீரமைப்பிலேயே, வீடு இழந்தவர் ஒருவராகவும் வீடு பெற்றவர் வேறொருவராகவும் இருந்தனர்.

டைப்ரைட்டிங் சான்றிதழோடு வந்தவர்கள்

சென்னை ரயில்வேயும் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயும் 1871-இல் ராய்ச்சூரில் இணைந்தன. அதன்பிறகு சென்னையிலிருந்து பம்பாய்க்கு நேரே ரயில் ஏறிவிடலாம் என்றாயிற்று. முதல் உலகப் போருக்குப் பின் பாலக்காடு, தஞ்சாவூர், திருநெல்வேலி பக்கங்களிலிருந்து நம் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பம்பாய் வந்தார்கள். ஊரில் நிலம் சுருங்கிவிட்டது. குடும்பமோ பெரிது. கையில் ஒரு படிப்புச் சான்றிதழ், டைப்ரைட்டிங்கிலும் சுருக்கெழுத்திலும் தேர்ச்சி, மாமாவின் சிநேகிதர் விலாசம் எழுதிய ஒரு துண்டுக் காகிதம். ரயில்வே, மில் ஆபீஸ், இன்ஷூரன்ஸ் கம்பெனி, வங்கி, அரசுக் கணக்கு அலுவலகம் என்று எங்கெல்லாம் குமாஸ்தா வேண்டுமோ அங்கெல்லாம் ஒரு ஐயரோ ஐயங்காரோ இருந்தார். மாட்டுங்காவில் 1915-இல் அமைந்த ரயில்வே பணிமனையும் தெற்கத்தியாருக்கு வேலை கொடுத்தது.

முதலில் நாலைந்து பிரம்மச்சாரிகள் சேர்ந்து ஓர் அறையில் இருப்பார்கள். பிறகு ஒருவருக்குக் கல்யாணம் ஆகும். இரண்டு அறையும் சமையலறையும் கொண்ட ஜாகை பார்ப்பார். தங்கை கணவர், பெரியப்பா பிள்ளை என்று அவர் வீட்டுக்கு ஊரிலிருந்து வந்துகொண்டே இருப்பார்கள். அமெரிக்காவில் பணியாற்றும் வரலாற்றாசிரியர் நிகில் ராவ் 2013-இல் மாட்டுங்காவைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். பம்பாயில் அடுக்குமாடி வாழ்க்கை எப்படி வேரூன்றியது என்பதை அதில் ஆராய்ந்திருக்கிறார். கழிப்பறை வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஏற்பாடு ஆசாரக் குடும்பங்களுக்கு எவ்வளவு சங்கடமாக இருந்தது, அதை எப்படிச் சமாளித்துப் பழகினார்கள் என்பதும் அதில் ஓர் அத்தியாயம். எங்கள் பாட்டி அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வது நினைவுக்கு வந்தது. ஊரில் கொல்லைப்புறம் இருந்தது. இங்கே கொல்லைக்கு எங்கே போவது?

ஊரில் ஒரு கிராமத்தாரும் அடுத்த கிராமத்தாரும் வேறு வேறு. இங்கே தஞ்சாவூர்க்காரர், பாலக்காட்டுக்காரர், உடுப்பிக்காரர், ஆந்திரர் எல்லோரும் வடக்கத்தியார் கண்ணுக்கு "மதராஸி". அந்தப் பெயரை நம் முன்னோர் ஸ்தாபனங்களாக மாற்றிக் காட்டினார்கள். ஆஸ்திக ஸமாஜத்தின் கொச்சு குருவாயூர் கோயில், பஜனை ஸமாஜம், சங்கர மடம் ஆகியவை தோன்றின. 1932-இல் எம்.வி. வெங்கடேஸ்வரன் முயற்சியில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பிறந்தது. எஸ்.ஐ.இ.எஸ். என்று நாம் அறிந்த அந்தச் சங்கம் 1960-இல் சயானில் கல்லூரியும் தொடங்கியது. 1936-இல் கஃபே மைசூர், 1937-இல் ரூயா கல்லூரி அருகே மணீஸ் லஞ்ச் ஹோம், 1940-இல் கஃபே மெட்ராஸ், 1942-இல் ஸ்டேஷன் வாசலில் ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் என்று சாப்பாட்டுக்கும் குறைவில்லை. பிரம்மச்சாரிகளின் வயிற்றை இந்த இடங்கள்தான் காத்தன.

சங்கீதத்துக்கென்று 1952-இல் ஷண்முகானந்த சபா உருவாயிற்று. 1963-இல் கிங்ஸ் சர்க்கிள் அருகே திறந்த அதன் அரங்கம் ஆசியாவின் பெரிய அரங்குகளில் ஒன்றாகப் பேர்பெற்றது. 1990-இல் தீ விபத்தில் அது எரிந்துபோயிற்று. எட்டு வருஷம் பாடுபட்டுப் பணம் திரட்டி, 1998-இல் மறுபடி திறந்தார்கள். புதிய அரங்கில் 2,700-க்கும் மேற்பட்ட இருக்கைகள். கட்டடம் போனாலும் சபா போகவில்லை.

எல்லாம் சுமுகமாகவே நடந்தது என்று சொல்வதற்கில்லை. 1966-இல் சிவசேனை தொடங்கியபோது, குமாஸ்தா வேலைகளைத் தென்னிந்தியர் பிடித்துக்கொண்டார்கள் என்பதே அதன் முதல் கோஷமாக இருந்தது. உடுப்பி ஓட்டல்கள் தாக்குதலுக்கு உள்ளாயின. அந்த நாட்களில் வேட்டி கட்டிக்கொண்டு லோக்கல் ரயிலில் ஏற எங்கள் தாத்தாவை அனுமதிக்கமாட்டோம். இருந்தாலும் பெரும்பாலோர் ஊரை விட்டுப் போகவில்லை. மராத்தியும் கற்றுக்கொண்டு இங்கேயே இருந்தோம்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்

மாட்டுங்காவுக்கும் சயானுக்கும் மேற்கே மத்திய ரயில்வேயின் பாதை ஓடுகிறது. அந்தப் பாதைக்கும் மாஹிம் பக்கத்து மேற்கு ரயில்வே பாதைக்கும் இடையில், மிட்டி ஆற்றை ஒட்டி, சுமார் 600 ஏக்கரில் தாராவி. என் பள்ளி நாட்களில் "அந்தப் பக்கம் போகாதே" என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். நம்மில் பலருக்கும் தாராவி என்றால் "நாயகன்" (1987), "காலா" (2018) ஆகிய படங்களில் பார்த்ததுதான்.

ஆதியில் அது கோலி மீனவர்களின் கிராமம். அந்தக் கோலிவாடா இன்றும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நகரத்துக்குள் இருந்தால் நாற்றம் என்று கருதிய தொழில்களையெல்லாம் பம்பாய் இங்கே தள்ளிவிட்டது. தோல் பதனிடும் பட்டறைகள் வந்தன. அவற்றை நடத்திய தமிழ் முஸ்லிம் வணிகர்களும், அவற்றில் உழைத்த திருநெல்வேலிச் சீமையின் ஆதிதிராவிட மக்களும் வந்தார்கள். சௌராஷ்டிரக் குயவர்கள் வந்து கும்பர்வாடா உண்டாயிற்று. 1887-இல் பெரிய மசூதி, 1913-இல் தமிழர்கள் கட்டிய பிள்ளையார் கோயில், 1924-இல் தமிழ்ப் பள்ளி. மாட்டுங்காவில் நம்மவர்களின் கோயிலும் பள்ளியும் தோன்றிய அதே காலம்தான் இது.

இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு வெட்கமாகவே இருந்தது. அதே திருநெல்வேலி, அதே ரயில், அதே வருஷங்கள். சான்றிதழோடு வந்தவர்களுக்கு டிரஸ்ட் சாலை போட்டு, சாக்கடை கட்டி, தோட்டம் அமைத்துக் கொடுத்தது. சான்றிதழ் இல்லாதவர்கள் சதுப்பை மண்ணும் குப்பையும் கொட்டித் தாங்களே மேடாக்கி, அதன்மேல் குடிசை போட்டார்கள். அந்தச் சான்றிதழ் தலைமுறை தலைமுறையாக யார் கைக்கு எட்டியது, யார் கைக்கு எட்டவில்லை என்பதை நாம் அறிவோம். மாட்டுங்காவில் சமூகம் பார்த்தே பெரும்பாலும் வீடு கிடைத்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆனால் தினசரி வாழ்க்கையில் நாம் அவ்வளவு தூரத்தில் இருந்ததில்லை. அதிகாலையில் தாராவித் தமிழ்க் குடும்பங்கள் அவித்த இட்லியும் சட்னியும் சைக்கிளில் நகரமெங்கும் போகின்றன. அங்கே பெண்கள் பிழியும் முறுக்கு கடைகடையாக விற்பனையாகிறது. தைப்பொங்கலன்று தொண்ணூறு அடிச் சாலையில் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கும் காட்சியை, தமிழ்நாட்டிலேயே சில ஊர்களில் இப்போது காண்பது அரிது. தாராவி மக்கள் சும்மா இருந்துவிடவும் இல்லை. 1960-களில் எம்.வி. துரைஸ்வாமி முன்னின்று ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் அமைத்தார். டாக்டர் பாலிகா நகர் என்ற பெயரில் 338 வீடுகளும் 97 கடைகளும் எழுந்தன.

செம்பூருக்குப் போனவர்கள்

செம்பூருக்கு ரயில் பாதை போட்டது 1906-இல். அது நகரத்துக் குப்பையை ஏற்றிச் செல்வதற்காக. 1924-இல்தான் அதில் பிரயாணிகள் வண்டி ஓடத் தொடங்கியது. தேசப் பிரிவினைக்குப் பின் ஸிந்து அகதிகளுக்கு அங்கே முகாம் அமைந்தது. 1948-இல் ராஜ் கபூரின் ஆர்.கே. ஸ்டூடியோ தோன்றியது. 1954-இலும் 1955-இலும் டிராம்பே பக்கம் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. அணுசக்தி நிலையமும் 1954-இல் உருவாகி, 1967-இல் பாபா அணு ஆராய்ச்சி மையம் என்ற பெயர் பெற்றது. உரத் தொழிற்சாலையும் சேர்ந்துகொண்டது.

இந்த ஸ்தாபனங்களுக்கு இன்ஜினியர்களும் விஞ்ஞானிகளும் தேவைப்பட்டார்கள். மாட்டுங்காக் குமாஸ்தாவின் பிள்ளை படித்துப் பட்டம் பெற்று, செம்பூரில் சொந்த ஃப்ளாட் வாங்கிக்கொண்டு போனார். கூடவே கோயிலும் ஸபாவும் போயின. 1962-இல் ஃபைன் ஆர்ட்ஸ் சொஸைட்டி தொடங்கியது. சேடா நகரில் படியேறித் தரிசிக்கும் திருச்செம்பூர் முருகன் கோயில் எழுந்தது. மாட்டுங்காவில் எண்பது வருஷம் போலப் பரிமாறிய மணீஸ் லஞ்ச் ஹோமும் பின்னாளில் செம்பூருக்கே ஜாகை மாற்றிக்கொண்டது! இன்று மாட்டுங்காவில் நம்மவர்கள் குறைவு. செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி, வாஷி, நெருல் என்று பரவிவிட்டோம். ஆனாலும் ஆவணி அவிட்டத்துக்குப் பூணூலும், பண்டிகைக்கு வாழை இலையும், கல்யாணத்துக்கு மாலையும் வாங்க மாட்டுங்கா மார்க்கெட்டுக்கே வருகிறோம்.

நின்றுபோன வாடகை

மாட்டுங்காக் கட்டடங்கள் ஏன் இடிபடும் நிலைக்கு வந்தன? வயது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வாடகைச் சட்டம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வீட்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது வாடகையைக் கட்டுப்படுத்தினார்கள். 1947-இல் வந்த சட்டம், பொதுவாக 1940 செப்டம்பரில் இருந்த வாடகையையே அளவாக நிறுத்திவிட்டது. நாற்பது ரூபாய் வாடகை பல பத்தாண்டுகளுக்கு நாற்பது ரூபாயாகவே இருந்தது. குடியிருப்பவருக்கு அது பெரிய ரக்ஷை. குறைந்த சம்பளத்தில் நான்கு பிள்ளைகளைப் படிக்க வைத்தது அந்த வாடகைதான். ஆனால் வீட்டுக்காரருக்கு அந்த வாடகையில் சுவருக்கு வெள்ளையடிக்கக்கூடக் கட்டாது. ஓட்டை விழுந்த கூரையை யார் பழுது பார்ப்பது? அதனால்தான் "பகடி" முறை தழைத்தது. புதிதாக வருபவர் ஒரு பெருந்தொகையை முன்னதாகக் கொடுத்து வாடகை உரிமையை வாங்குவார். அதில் வீட்டுக்காரருக்கும் ஒரு பங்கு உண்டு.

மழைக்காலத்தில் பழைய கட்டடங்கள் இடிந்து உயிர்ச்சேதம் ஏற்படவே, 1969-இல் பழுதுபார்ப்புக்கென்று ஒரு வாரியம் அமைந்தது. அதற்கான செலவுக்காகப் பழைய வாடகைக் கட்டடங்களின்மீது "செஸ்" என்ற வரி விதித்தார்கள். நகரத்தின் தீவுப் பகுதியில் அப்போது கணக்கெடுத்த செஸ் கட்டடங்கள் 19,642. மாட்டுங்காவின் பழைய வீடுகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. பிற்பாடு இந்தப் பொறுப்பு ம்ஹாடா என்ற மாநில வீட்டுவசதி ஆணையத்திடம் வந்தது.

1986-இல் ம்ஹாடா சட்டத்தில் ஒரு புதிய அத்தியாயம் சேர்ந்தது. 70 சதவீதம் குடியிருப்போர் கேட்டுக்கொண்டால், மாத வாடகையைப்போல் நூறு மடங்கை வீட்டுக்காரருக்குக் கொடுத்துக் கட்டடத்தை அரசு எடுத்து, குடியிருப்போரின் கூட்டுறவு சங்கத்துக்கு மாற்றலாம். நாற்பது ரூபாய் வாடகை வீட்டுக்கு நாலாயிரம் ரூபாய்! சொந்தக்காரர்களின் சங்கம் உச்ச நீதிமன்றம் சென்றது. அந்த வழக்கு முப்பது வருஷத்துக்கு மேல் நடந்தது. 2024 நவம்பர் 5 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அரசியல் சாசனம் சொல்லும் "சமுதாயத்தின் பொருள் வளங்கள்" என்பதில் தனியார் சொத்துக்கள் எல்லாமே அடங்கிவிடா என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. நாடு முழுவதும் பேசிய அந்தத் தீர்ப்பின் மூலம், நம் மாட்டுங்காவில் உள்ளதுபோன்ற பழைய வாடகைக் கட்டடங்கள்தான்.

நடைமுறையில் வழி திறந்தது 1991-இல் வந்த கட்டட விதிகளால். செஸ் கட்டடத்தை இடித்துக் கட்டும் பில்டருக்குக் கூடுதலாகக் கட்ட அனுமதி. பழைய குடியிருப்போருக்கு இலவசமாக வீடு. கூடுதலாகக் கட்டியதை அவர் சந்தை விலைக்கு விற்றுக்கொள்ளலாம். தற்போதைய விதிகளில் குறைந்தபட்சம் 300 சதுர அடி, 51 சதவீதம் குடியிருப்போர் சம்மதம் என்ற அளவுக்கு வந்திருக்கிறது. நாற்பது ரூபாய் வாடகை வீட்டில் இருந்தவர் ஒரே நாளில் கோடி ரூபாய் சொத்துக்கு உரியவராகிறார். ஆனால் அவர் பெயரில் காகிதம் இருக்க வேண்டும். எதிர் வீட்டு மாமி வெளியே போனது இந்த இடத்தில்தான்.

செம்பூரில் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலும் வாடகையில்லை. கூட்டுறவு சொஸைட்டி வீடுகள். திலக் நகர் போன்ற வீட்டுவசதி வாரியக் காலனிகளும் தனியார் சொஸைட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக இடிந்து உயர்கின்றன. 2013-இல் கிழக்கு ஃப்ரீவேயும், 2014-இல் சாந்தாகுரூஸ்–செம்பூர் இணைப்புச் சாலையும் மோனோரயிலும் வந்தபின் நில மதிப்பு ஏறியது. ஆர்.கே. ஸ்டூடியோவையே 2019-இல் ஒரு கட்டுமான நிறுவனம் வாங்கிவிட்டது.

தாராவியின் கணக்கு

தாராவியைச் சீரமைக்கும் பேச்சு புதிதன்று. 1985 டிசம்பரில் பம்பாய் வந்த பிரதமர் ராஜீவ் காந்தி நகருக்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதில் ஒரு பகுதி தாராவிக்கு. 1995-இல் குடிசைவாசிகளுக்கு இலவச வீடு என்ற திட்டமும் அதற்கான ஆணையமும் வந்தன. 2004-இல் தாராவி முழுவதையும் ஒரே திட்டமாக எடுத்துக்கொள்வது என்று மாநில அரசு முடிவு செய்தது. உலக அளவில் டெண்டர் கேட்டார்கள்; 2011-இல் அது ரத்தாயிற்று. 2016-இல் கேட்டார்கள், யாரும் வரவில்லை. 2019-இல் துபாய் சார்ந்த செக்லிங்க் நிறுவனம் முதலிடம் பெற்றது. 2020-இல் அதுவும் ரத்து. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் முதலிடம் பெற்று, 2023 ஜூலையில் திட்டத்தை ஏற்றது. செக்லிங்க் தொடுத்த வழக்கை 2024 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2025 மே மாதம் முழுத் திட்ட வரைபடத்துக்கு அரசு ஒப்புதல் கிடைத்தது. கூட்டு நிறுவனத்தில் குழுமத்துக்கு 80 சதவீதம், அரசுத் தரப்புக்கு 20 சதவீதம்.

இவ்வளவு போட்டி ஏன்? ஆற்றுக்கு அக்கரையில் பாந்த்ரா–குர்லா வளாகம் எழுந்து, நாட்டின் பெரிய வங்கிகளெல்லாம் அங்கே வந்துவிட்டன. யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய சதுப்பு இப்போது நகரத்தின் நடு மையம்.

2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பதற்குக் காகிதம் உள்ளவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதன்பின், 2011 வரை வந்தவர்களுக்கு இரண்டரை லட்சம் ரூபாய் விலையில் 300 சதுர அடி, தாராவிக்கு வெளியே. அதற்கும் பின் வந்தவர்களுக்கும் மாடியில் குடியிருப்பவர்களுக்கும் வாடகையோடு தவணை முறையில் வீடு, அதுவும் வெளியேதான். முலுண்ட், குர்லா, உப்பளங்கள், தேவனார்க் குப்பை மேடு என்று நிலங்களின் பெயர்கள் அடிபடுகின்றன.

திட்டத்தை ஆதரிப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பொதுக் கழிப்பறை வாசலில் விடியற்காலை வரிசையில் நிற்கும் பெண்களிடம் "பழைமையைக் காப்போம்" என்று யார் சொல்ல முடியும்? எதிர்ப்பவர்களின் கேள்வியும் நியாயமே. கீழே பட்டறை, மேலே வீடு என்று பிழைக்கும் குடும்பத்துக்கு, இருபதாவது மாடி வீட்டில் குயவுச் சூளையை எங்கே வைப்பது? அதிகாலை மூன்று மணிக்கு இட்லி அவிப்பவர் முலுண்டுக்குப் போனால், மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு எப்போது வந்து சேருவார்? மாடியில் முப்பது வருஷமாக வாடகைக்கு இருந்தவருக்கும் எங்கள் எதிர் வீட்டு மாமிக்கும் என்ன வித்தியாசம்?

வித்தியாசம் இல்லை என்பதே என் எண்ணம். நாற்பது ரூபாய் வாடகையில் அறுபது வருஷம் இருந்துவிட்டு இலவசமாகப் புது வீடு பெற்ற நாம், "குடிசைக்காரருக்கு எதற்கு இலவச வீடு?" என்று கேட்பது அழகல்ல. நம்மையும் ஒரு சட்டம்தான் காப்பாற்றியது. நம் கட்டடத்தையும் அடுத்தவர் வாங்கும் விலையுயர்ந்த ஃப்ளாட்தான் கட்டிக் கொடுத்தது.

உறுப்பினர்களுக்குச் சில வார்த்தைகள்

சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் என்று எங்கிருந்தாலும், பழைய ஃப்ளாட்டில் இருக்கும் நம் உறுப்பினர்களுக்கு இந்த விஷயம் இன்றோ நாளையோ வரும். அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

வீட்டுக் காகிதம் யார் பெயரில் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். காலமானவர் பெயரில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் மூத்த பெண்மணியின் பெயரையும் சேருங்கள்.

மகாராஷ்டிரத்தில் சொஸைட்டிகளின் சீரமைப்புக்கு 2009 ஜனவரியில் அரசு ஓர் உத்தரவு வெளியிட்டு, 2019-இல் திருத்தியது. சிறப்புப் பொதுக்கூட்டம், டெண்டர், பதிவாளரின் பிரதிநிதி முன்னிலையில் தேர்வு என்று அதில் முறை உண்டு. பில்டரிடம் வங்கி உத்தரவாதம் வாங்குவதையும் 2009 உத்தரவிலேயே சொல்லியிருக்கிறார்கள். "நமக்குத் தெரிந்த பையன்தான்" என்று இதையெல்லாம் விட்டுவிடாதீர்கள்.

புது வீட்டுக்கான ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். இடைக்கால வாடகை எத்தனை மாதம், தாமதமானால் என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள். புதிய கட்டடத்தின் மாதப் பராமரிப்புச் செலவு எவ்வளவு ஆகும் என்று முன்னதாகவே கேளுங்கள். பென்ஷனில் இருப்பவர்கள் இலவச வீட்டையும் விற்றுவிட்டுப் போக நேர்வது பெரும்பாலும் இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. இடிப்பதற்கு முன் உங்கள் கட்டடத்தைப் படம் எடுத்து வையுங்கள். எந்த வருஷம் யார் குடிவந்தார், ஊரிலிருந்து யாரைக் கூட்டி வந்தார், எந்த அறையில் எத்தனை பேர் படுத்தார்கள் என்பதைப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். உங்கள் வீட்டுக்குப் பூவும் இட்லியும் கொண்டுவந்தவர் எந்தப் பேட்டையிலிருந்து வந்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவரைச் சேர்க்காமல் எழுதினால் மாட்டுங்காவின் சரித்திரத்தில் பாதி விட்டுப்போகும்.

எங்கள் கம்பியில் குத்திய ரசீதுகளை நான் இன்னும் எறியவில்லை. புது வீட்டுப் பரணில், அதே டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. சென்ற தீபாவளிக்கு டோம்பிவிலி போய் மாமியைப் பார்த்தேன். "இங்கே காற்று நன்றாக வருகிறது" என்றார். பிறகு, "மார்க்கெட்டில் கனகாம்பரம் என்ன விலை விற்கிறது?" என்று மாட்டுங்காவைப் பற்றிக் கேட்டார். அடுத்த முறை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.